முன்னால் 15, பின்னால் 26: கோர்வேர் காரின் டயர் அழுத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

முன் டயருக்கு 15 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), பின் டயருக்கு 26 பிஎஸ்ஐ என்று ஒரு காரின் கையேட்டில் படித்தால் அச்சுப்பிழை என்றுதான் முதலில் தோன்றும். இன்றைய சாதாரணக் கார்களில் நான்கு டயருக்கும் 30 முதல் 36க்குள் ஏதோ ஒரு எண் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறுபாடு இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று பிஎஸ்ஐதான். ஆனால் அமெரிக்காவில் செவ்ரலே நிறுவனம் 1960 மாடலாகக் கொண்டுவந்த கோர்வேர் காருக்கு அந்த எண்கள்தான் பரிந்துரை. டயர் குளிர்ந்திருக்கும்போது 15, 26. ஓடிச் சூடான பிறகு 18, 30. அச்சுப்பிழை இல்லை. வளைவில் அந்தக் கார் நிலை தவறாமல் இருப்பதற்கான பொறுப்பில் பெரிய பங்கு அந்த 11 பிஎஸ்ஐ வேறுபாட்டின் மேல் சுமத்தப்பட்டிருந்தது.

டயர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் காரின் போக்கைத் திருத்துவது பந்தய ஓட்டுநர்களுக்குப் பழகிய வேலை. கோர்வேரில் அதைத் தயாரிப்பாளரே செய்து, விற்பனைக்கு அனுப்பினார். அதனால்தான் இந்தத் துறையில் ஆர்வம் உள்ள யாரும் முதலில் படிக்க வேண்டிய நிகழ்வு இது என்று நினைக்கிறேன். காற்றால் எவ்வளவு செய்ய முடியும், எந்த வேலையைக் காற்றிடம் விடக்கூடாது என்ற இரண்டுக்கும் பதில் ஒரே காரில் கிடைக்கிறது.

கார் எப்படிப்பட்டது

1950களின் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற சிறிய கார்கள் அமெரிக்கச் சந்தையில் இடம்பிடிக்கத் தொடங்கியிருந்தன. அப்போது செவ்ரலேயின் பொது மேலாளராக இருந்தவர் எட் கோல். அவருடைய முனைப்பில் உருவான கோர்வேரில் காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் அலுமினிய எஞ்சின் காரின் வாலில் இருந்தது. அமெரிக்கப் பெருநிறுவனக் கார்களில் அது மிகத் துணிச்சலான அமைப்பு. எஞ்சின் பின்னால் போனதால் மொத்த எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் பின் சக்கரங்கள்மேல் விழுந்தது.

பின் சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்சில் வகை. எஞ்சின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும், நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி மட்டும் ஒவ்வொரு அரை அச்சும் மடங்கும். சக்கரத்துப் பக்கத்தில் மடங்காது. கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்காமல் தோளிலிருந்து மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உள்ளங்கை எப்படிச் சாய்கிறதோ அப்படித்தான் சக்கரமும் சாயும். பள்ளம் மேடுகளில் இதனால் பெரிய தொல்லை இல்லை. வளைவில் வேகமாகத் திரும்பும்போதுதான் சிக்கல். சாலை வெளிப்பக்கச் சக்கரத்தை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அச்சின் வழியாகக் காரின் பின்பகுதியை மேலே தூக்குகிறது. பின்பகுதி எழுந்ததும் சக்கரத்தின் அடிப்பகுதி காருக்குள் மடிகிறது. டயர் தன் அகலம் முழுவதையும் தரையில் வைக்க முடியாமல் விளிம்பில் நிற்கிறது. பிடிப்பு படிப்படியாகக் குறையாமல் சட்டென்று போய்விடும்.

இந்தச் சிக்கலைப் பற்றி அந்த நிறுவனத்துக்குள்ளேயே அறிவு இருந்தது என்பதுதான் எனக்கு வலிக்கும் இடம். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் 1930களில் அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் (கார் வளைவில் குறைவாகத் திரும்புவது, அளவுக்கு மீறித் திரும்புவது) ஆகியவற்றுக்கு முறையான பொறியியல் அடித்தளம் போட்டவர். பின் எஞ்சினும் ஸ்விங் ஆக்சிலும் சேர்ந்தால் கையாளலில் என்ன கோளாறு வரும் என்று 1953இலேயே அவர் ஐரோப்பியக் கார்களைப் பற்றிய தன் கட்டுரையில் எழுதியிருந்தார்.

இதைச் சமாளிக்க ஒரு நேரான வழி, முன்பக்கம் ஆன்டி ரோல் பார் பொருத்துவது. காரின் முன்பகுதி சாயாமல் பிடிக்கும் ஒரு முறுக்குக் கம்பி அது. காருக்குச் சில டாலர் மிச்சமாகும் என்று அதை விட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்த வழி டயர் அழுத்தம்.

அந்த எண்கள் என்ன செய்தன

வளைவில் டயர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டால் 15, 26 என்ற எண்கள் தாமாகவே புரியும்.

ரப்பர் நெளியக்கூடியது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சக்கரம் ஒரு திசையைப் பார்க்கிறது. டயரோ அதிலிருந்து சிறிது விலகிய திசையில் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையிலான கோணம்தான் ஸ்லிப் ஆங்கிள். சறுக்கல் தொடங்கும் முன்பே இது இருக்கும். சாதாரணமாக ஓட்டும்போதே ஒன்றிரண்டு பாகை வரும். இந்தக் கோணம் இல்லாமல் டயரால் பக்கவிசை தர முடியாது. முன் டயர்களின் கோணம் பின் டயர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால் கார் வளைவிலிருந்து வெளியே விரியப் பார்க்கும், அது அண்டர்ஸ்டியர். பின் டயர்களின் கோணம் பெரிதானால் வால் வெளியே வீசும், அது ஓவர்ஸ்டியர். முதலாவதில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் கார் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். இரண்டாவதில் அதே செயல் நிலைமையை மோசமாக்கும். பொதுமக்கள் ஓட்டும் காரை எல்லோரும் சிறிது அண்டர்ஸ்டியர் பக்கமாகவே வைப்பது அதனால்தான்.

இனி ஒரு கணக்கு. கார் 1,100 கிலோ, அதில் 38 விழுக்காடு முன்னால், 62 விழுக்காடு பின்னால் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முன் டயர்மீதும் 209 கிலோ, ஒவ்வொரு பின் டயர்மீதும் 341 கிலோ. வளைவில் பின் டயர்கள் முன் டயர்களைவிட 1.63 மடங்கு பக்கவிசை தர வேண்டும். டயர் நான்கும் ஒரே மாதிரி, அழுத்தமும் ஒன்றுதான் என்றால் பின் டயர்கள் அந்தக் கூடுதல் விசையைப் பெரிய கோணத்தில் ஓடித்தான் தர முடியும். எடை கூடும்போது டயரின் விறைப்பும் சிறிது கூடுகிறது; ஆனால் எடை கூடிய அளவுக்குக் கூடுவதில்லை. விளைவு ஓவர்ஸ்டியர்.

இப்போது 26ஐ 15ஆல் வகுத்துப் பாருங்கள். 1.73. எடை விகிதமான 1.63க்குப் பக்கத்தில், அதைச் சற்றே தாண்டி நிற்கிறது. இதை முதல் முறை போட்டுப் பார்த்தபோது எனக்கு அந்தப் பொறியாளர்கள்மேல் மரியாதை வந்தது. டயரின் பக்கச்சுவர் விறைப்பை ஒதுக்கிவிட்டால், தரையைத் தொடும் பரப்பு என்பது எடையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. 15 பிஎஸ்ஐயில் முன் டயருக்கு ஏறத்தாழ 198 சதுர சென்டிமீட்டர். 26 பிஎஸ்ஐயில் பின் டயருக்கு ஏறத்தாழ 187. அதாவது நான்கு டயர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு அமுங்குகின்றன, பின்னது ஒரு பிடி குறைவாக. தாங்கும் சுமைக்கு ஏற்ற விறைப்பு பின் டயருக்குக் கிடைக்கிறது. முன் டயர் ஒப்பீட்டில் இளகி, பெரிய கோணத்தில் ஓடுகிறது. வாலில் எஞ்சினைச் சுமந்த கார் ஒரு இரும்புத் துண்டையும் மாற்றாமல் அண்டர்ஸ்டியர் பக்கம் வந்துவிடுகிறது.

சூடான டயருக்குத் தந்த எண்களும் சரியாகவே இருக்கின்றன. காற்றை அளக்கும் கேஜ் காட்டும் அழுத்தத்தோடு வளிமண்டலத்தின் 14.7ஐக் கூட்ட வேண்டும். 29.7 என்பது 32.7 ஆவதற்கும், 40.7 என்பது 44.7 ஆவதற்கும் டயருக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் சூடேற வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே வெப்ப உயர்வில் வந்து நிற்கின்றன.

அந்த ஏற்பாடு எங்கே உடைந்தது

காகிதத்தில் சரியாக இருந்தது சாலையில் நிற்கவில்லை. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை.

அன்று மற்றக் கார்களுக்கு நான்கு டயர்களிலும் ஒரே அழுத்தம் வைப்பதுதான் வழக்கம். பெட்ரோல் நிலையத்தில் காற்று அடிப்பவர் ஒவ்வொரு காரின் கையேட்டையும் புரட்டிப் பார்க்க மாட்டார். 15 பிஎஸ்ஐயில் நிற்கும் டயர் பார்வைக்கே இளைத்திருக்கும். அக்கறையுள்ள ஒருவர் அதைப் பார்த்தால் காற்று இறங்கிவிட்டது என்று எண்ணி நிரப்புவார். உரிமையாளரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். இருவர்மேலும் தவறில்லை. விற்பனையாளர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இந்த எண்களின் முக்கியத்துவம் போதுமான அளவு சொல்லப்படவில்லை என்பதுதான் பின்னால் எழுந்த முதன்மையான குற்றச்சாட்டு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. முன் டயரில் 15க்குப் பதிலாக 24 அடித்தால் அந்தக் கார் ஓட்டுவதற்கு முன்பைவிட நன்றாகவே தோன்றும். ஸ்டியரிங் இலகுவாகும். திருப்பியதும் மூக்கு உடனே திரும்பும். நகர வேகத்தில் ஒரு குறையும் தெரியாது. பின்னால் 26க்குப் பதில் 24 என்றால் மேடு பள்ளம்கூடச் சற்று மென்மையாக இருக்கும். அதாவது ஆபத்தான அமைப்பு அன்றாட ஓட்டத்தில் சுகமான அமைப்பாகத் தெரிகிறது. நமது கணக்கின்படி அப்போது முன் டயரின் தொடுபரப்பு 124 சதுர சென்டிமீட்டருக்குச் சுருங்கி, பின்னது 202க்கு விரிகிறது. பின் டயர் அதிகமாக அமுங்கி இளகி நிற்கிறது. ஒருநாள் வளைவில் எதையோ தவிர்க்க வேகமாகத் திருப்பும்போதுதான் அது தெரியவரும். அந்த நொடியில் பின் சக்கரம் உள்ளே மடியவும் தொடங்கினால் சாதாரண ஓட்டுநருக்குத் திருத்த நேரம் இருக்காது.

மூன்றாவதாக, 15 என்ற எண்ணிலேயே இடைவெளி குறைவு. இரண்டு பிஎஸ்ஐ தவறாகக் காட்டும் கேஜ் 32 பிஎஸ்ஐ டயரில் பதினாறில் ஒரு பங்கு பிழை செய்கிறது. 15இல் ஏழில் ஒரு பங்கு. வெளியே 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தாலே முன் டயரில் ஒரு பிஎஸ்ஐ இறங்கிவிடும். டயர் அளவுகளுக்கான அமெரிக்கத் தொழில் அமைப்பின் தரப்படி பார்த்தால், காரில் இரண்டு பயணிகள் அல்லது அதற்கு மேல் ஏறினாலே இந்த அழுத்தத்தில் முன் டயர்கள் மிகைச் சுமையில் இருந்தன. அதாவது எண்கள் சரியாக இருந்தாலும் அது ஆட்கள் குறைவாக ஏறும் காருக்குத்தான் சரி. குடும்பக் காரை அப்படி விற்றது எனக்கு ஏற்கவில்லை.

தண்ணீர்த் தேங்கலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விமான டயர்களை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள் 1963இல் ஒரு எளிய தொடர்பைத் தந்தார்கள். தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், மணிக்கு மைல் கணக்கில், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல ஏறத்தாழ 10.35 மடங்கு. டயர் வரிகள் நன்றாக இருந்தால், நீர் மெல்லியதாக இருந்தால் கார் டயர் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். எனவே இதை ஒப்பீட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்வோம். 26 பிஎஸ்ஐக்கு மணிக்கு 85 கிலோமீட்டர். 15 பிஎஸ்ஐக்கு வெறும் 64. உலர்ந்த சாலையில் காரைக் காப்பாற்றிய அதே எண், மழையில் ஸ்டியரிங் சக்கரங்களை முதலில் மிதக்கவிடும்.

இரும்பால் வந்த திருத்தம்

1962 மாடல் ஆண்டில் முன் ஆன்டி ரோல் பாரும், பின் அச்சு அளவுக்கு மீறி இறங்காமல் தடுக்கும் பட்டைகளும் கொண்ட சஸ்பென்ஷன் தொகுப்பு விருப்பத் தேர்வாக வந்தது. 1964இல் முன் ஆன்டி ரோல் பார் எல்லாக் கார்களுக்கும் வந்தது. பின்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங்கும் சேர்த்தார்கள். 1965இல் ஸ்விங் ஆக்சிலையே தூக்கிவிட்டு, சக்கரத்துப் பக்கமும் மடங்கக்கூடிய முழுச் சுதந்திரப் பின் சஸ்பென்ஷனை வைத்தார்கள்.

ஆன்டி ரோல் பார் எப்படி உதவியது என்பதைச் சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் காற்று செய்த வேலையையே அது வேறு வழியில் செய்கிறது. முன்பகுதியைச் சாயவிடாமல் பிடிப்பதால், வளைவில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மாறும் எடையில் பெரும்பங்கை அது முன் அச்சுக்கு இழுத்துக்கொள்கிறது. சுமை ஏறிய டயர் அந்த அளவுக்குப் பிடிப்பைக் கூட்டித் தராது; சுமை இழந்த டயரோ நிறையவே இழக்கும். இரண்டையும் சேர்த்தால் முன் அச்சின் பிடிப்பு சற்று இறங்குகிறது, பின் அச்சுக்குச் சுமை மாற்றம் குறைந்து நிம்மதி கிடைக்கிறது. மறுபடியும் அண்டர்ஸ்டியர் பக்கம்தான் போகிறோம். ஆனால் கம்பி கசியாது. குளிர்ந்தால் இறங்காது. வழியில் யாரும் அதில் கூடுதலாக எதையும் நிரப்ப முடியாது.

குற்றச்சாட்டும் அறிக்கையும்

கார் திருந்திய அதே 1965இல், நவம்பர் இறுதியில், வழக்கறிஞர் ரால்ஃப் நாடெரின் புத்தகம் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயமே பழைய கோர்வேரைப் பற்றியது. ஏற்கெனவே நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள் அந்தக் காரைச் சுற்றி எழுந்திருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் துப்பறிவாளர்களை வைத்து நாடெரைப் பின்தொடர, அது வெளியே வந்து, 1966 மார்ச்சில் அதன் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுமுன் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோர்வேர் 1969 மே மாதத்தோடு நின்றது.

கதையை இங்கேயே முடித்துவிடுவோர் உண்டு. அது நியாயமல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1963 கோர்வேரை அதன் காலத்து ஃபோர்டு ஃபால்கன், பிளிமத் வேலியன்ட், பீட்டில், ரெனோ டோஃபீன் ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சோதித்து, 1972இல் அறிக்கை தந்தது. 1960 முதல் 1963 வரையிலான கோர்வேர் அதன் சமகாலக் கார்களைவிட வழக்கத்துக்கு மாறாக நிலைதவறும் அல்லது கவிழும் தன்மை கொண்டதல்ல என்பது அதன் முடிவு.

இந்த அறிக்கையை நான் ஏற்கிறேன். அது கேட்ட கேள்வி, மற்றக் கார்களைவிட இது மோசமா என்பது. பீட்டிலுக்கும் பின் எஞ்சின், ஸ்விங் ஆக்சில், முன்னால் குறைந்த அழுத்தம் எல்லாம் இருந்தன. ஒப்பீட்டில் கோர்வேர் தனியாகத் தெரியாததில் வியப்பில்லை. டயர் அழுத்தத்தைப் படிக்கும் நமக்கு வேண்டிய கேள்வி வேறு: எண்கள் சரியாக இருக்கும்போதும் தவறும்போதும் காரின் குணம் எவ்வளவு தூரம் மாறுகிறது? நல்ல வடிவமைப்பில் அந்தத் தூரம் குறைவாக இருக்கும். கோர்வேரில் அது ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடக்கூடிய தூரமாக இருந்தது.

இன்றைய காரில் இதே கணக்கு

இன்று பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்னால், உந்துதலும் முன் சக்கரங்களுக்கு. கோர்வேரைக் கண்ணாடியில் பார்த்தது போல எல்லாம் தலைகீழ். அதே 1,100 கிலோ, 60 விழுக்காடு முன்னால் என்றால் முன் டயர்மேல் 330 கிலோ, பின் டயர்மேல் 220. நான்கிலும் 32 பிஎஸ்ஐ வைத்தால் தொடுபரப்பு முன்னால் 147 சதுர சென்டிமீட்டர், பின்னால் 98. முன் டயர் அமுங்கி உழைக்கிறது. பின் டயர் சுமைக்கு மிஞ்சிய காற்றோடு நிற்கிறது. அந்த மிச்சம் பின் இருக்கை ஆட்களுக்கும் டிக்கி சாமான்களுக்கும் வைத்த இருப்பு. முழுச் சுமைக்குப் பின் டயரில் இன்னும் கூட்டச் சொல்லி ஸ்டிக்கரில் தனி எண் இருப்பதும் அதனால்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆர்வலர்களிடையே நெடுநாளாக நடக்கும் ஒரு சண்டை தீர்ந்துவிடும். “பிடிப்பு வேண்டுமானால் காற்றைக் கூட்டு” என்பார் ஒருவர். “இல்லை, குறை” என்பார் மற்றவர். இரண்டு பேரும் தங்கள் காரில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு டயருக்கும் அது தாங்கும் சுமைக்கு ஏற்ற ஒரு அழுத்தம் உண்டு. அதற்குக் கீழே இருக்கும்போது கூட்டினால் பக்கச்சுவர் மடிவது குறைந்து பிடிப்பு ஏறும். அதைத் தாண்டிய பிறகு கூட்டினால் தொடுபரப்பு சுருங்கிப் பிடிப்பு இறங்கும். முன் சக்கர உந்துதல் காரில் முன் டயர் பெரும்பாலும் முதல் வகை, பின் டயர் இரண்டாம் வகை. அதனால்தான் அண்டர்ஸ்டியர் தொல்லை தரும்போது முன்னால் இரண்டு பிஎஸ்ஐ கூட்டுவது வேலை செய்கிறது. பந்தயத் தடத்தில் பின்னால் நிறையக் கூட்டி வாலைத் தளர்த்தும் வித்தையும் இதே காரணத்தால்தான் பலிக்கிறது. இந்த இரண்டாவதைப் பொதுச் சாலையில் யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உலர்ந்த தடத்தில் சுகமாகத் திரும்பும் கார் மழையில் கோர்வேராக மாறிவிடும்.

சரி, முன்னால் கூட்டியது பலன் தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டியரிங்கின் கூர்மையை மட்டும் நம்பக்கூடாது என்பதை மேலே பார்த்தோம். கூர்மை என்பது டயர் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்பது. பிடிப்பு என்பது கடைசியில் எவ்வளவு தாங்குகிறது என்பது. அழுத்தம் கூடும்போது முதலாவது கூடிக்கொண்டே போகலாம், இரண்டாவது எங்கோ ஒரு இடத்தில் திரும்பிக் கீழே இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி சாக்பீஸ். டயரின் தோள்பகுதியில், ஓடும் பரப்பு பக்கச்சுவரைச் சந்திக்கும் இடத்தில், குறுக்காக மூன்று நான்கு கோடுகள் போட்டுவிட வேண்டும். போக்குவரத்து இல்லாத, அனுமதி உள்ள மூடிய இடத்தில் சில வளைவுகள் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று தெரியும். பல டயர்களில் அந்த இடத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அழிந்த எல்லை அதன் முனையை ஒட்டி நின்றால் நல்லது. அதைத் தாண்டிப் பக்கச்சுவருக்குள் இறங்கியிருந்தால் டயர் மடிகிறது, காற்று போதாது. முக்கோணத்துக்கு முன்பே நின்றுவிட்டால் காற்று மிகுதி. ஊசி வெப்பமானி கையில் இருந்தால் வண்டி நின்ற உடனே டயரின் உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு மூன்றிலும் குத்திப் பார்க்கலாம். நடு மட்டும் சூடு என்றால் மிகை அழுத்தம். இரண்டு விளிம்பும் சூடு, நடு குளிர்ச்சி என்றால் குறை அழுத்தம். வெளி விளிம்பு மட்டும் கொதித்தால் அது பெரும்பாலும் கேம்பர் (சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்) கோளாறு. அதைக் காற்றால் தீர்க்கப் பார்ப்பது, கோர்வேரில் கம்பியை விட்டுவிட்டுக் காற்றை நம்பிய அதே வேலை.

எண்களை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். உங்கள் காருக்கான பரிந்துரை அல்ல. ஸ்டிக்கரின் எண்ணுக்குக் கீழே எந்த டயரையும் இறக்கக் கூடாது. அங்கிருந்து ஒரு நேரத்தில் ஒரு அச்சில் மட்டும், இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் மாற்றாமல். அளவெடுப்பது காலையில், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு. ஓடிவந்த டயரில் காற்று கூடுதலாகக் காட்டுகிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை அது குறைவாக நிற்கும். 32 பிஎஸ்ஐ டயரில் 10 பாகை செல்சியஸ் மாற்றத்துக்கு ஒன்றரை பிஎஸ்ஐ ஏறி இறங்கும். நாம் செய்யும் திருத்தமே இரண்டு பிஎஸ்ஐதான் என்னும்போது இது சின்ன விஷயமல்ல. டயரில் நைட்ரஜன் நிரப்பியவர்களுக்கும் இதே கணக்குத்தான், அதுவும் அதே வாயு விதிக்குக் கட்டுப்பட்டது.

டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு இதில் உதவாது. 2000இல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களின் டயர்கள் பிய்ந்து விபத்துகள் நடந்து, 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் காருக்கு 26 பிஎஸ்ஐ போதுமா, 30 வேண்டுமா என்பது அப்போது பெரும் சர்ச்சையானது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தால் அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய இலகு வாகனங்களிலும் அழுத்தக் கண்காணிப்பு கட்டாயமானது. ஆனால் அந்த விதி கேட்பது, பரிந்துரைத்த அளவைவிட 25 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பதுதான். 32 என்றால் 24 வரும்வரை விளக்கு பேசாமல் இருக்கலாம். டயர் கெட்டுப்போகாமல் காப்பது அதன் வேலை. முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கும் உறவு குலைந்திருப்பதை அது சொல்லாது. கோர்வேரின் முன் டயரில் யாரோ 24 அடித்துவிட்டால்கூட அந்த விளக்கு எரிந்திருக்காது. அதற்குத் தெரிந்தது குறைவு மட்டும்தான்.

ஆகவே ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, காலை வெப்பநிலை, நான்கு டயர்களின் எண்கள், அன்று காரில் எத்தனை பேர் என்று ஒரு வரி. அப்புறம் வளைவில் என்ன தோன்றியது என்று இன்னொரு வரி. ஒரே கேஜ், எப்போதும் அதே கேஜ். சில மாதங்கள் எழுதிய பிறகு புரட்டினால் எந்த டயர் மற்றவற்றைவிட வேகமாக இறங்குகிறது, எந்த எண்களில் கார் சொன்ன பேச்சைக் கேட்டது என்று அதிலேயே தெரியும். வேறு யாராவது காற்று அடித்துக் கொடுத்த நாளில் அந்த நோட்டை எடுத்து, நான்கு டயரையும் மறுபடி நானே அளக்கிறேன்.